ஐந்துக்கு மூன்று

டுலூத். நவம்பர் கடைசி.
ஏரி இன்னும் உறையவில்லை, காற்று உறைந்துவிட்டது.
கடையின் கார் நிறுத்துமிடத்தில்
தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி
ரயில்போல் ஓட்டிப் போகிறான் ஒருவன், கையுறை இல்லாமல்.
அந்த வேலை மட்டும் வேண்டாம்
என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தை நூலகத்துக் கணினியில் நிரப்பியிருந்தேன்.
அறுபத்தைந்து வாக்கியங்கள்.
'பசித்தவன் ஒரு மிட்டாய் எடுத்தால் அது திருட்டு ஆகாது.'
முற்றிலும் மறுக்கிறேனா, ஓரளவு மறுக்கிறேனா?
ஓரளவுக்கெல்லாம் வேலை தரமாட்டார்கள்
என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், தன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.
எதையும் முற்றிலும் மறுத்துப் பழகாதவள் நான்.
அன்றைக்கு இருபது தடவை மறுத்தேன்.

நேர்காணல், ஊழியர் ஓய்வறையில்.
மைக்ரோவேவில் யாரோ சூடுபண்ணிய மீன் வாடை;
அதற்கு மருந்தாகக் கன்னத்தில் ஒரு புதினா மிட்டாய் ஒதுக்கினேன்.
ஒரே மேசையில் மூன்று பேர்.
இரும்புத்தாதுக் கப்பலில் சமைத்த வெர்ன்.
டை கட்டி வந்த பாவ் லீ;
டையின் விலைச்சீட்டு உள்பக்கம் தொங்கியது
மாலையே திருப்பிக் கொடுக்கத் தோதாக.
அப்புறம் நான், லோர்னா கிவிஸ்டோ.
இருபத்தோரு வருஷம் மஞ்சள் பள்ளிப் பேருந்து,
வழித்தடம் பதினேழு.
வலது கண்ணில் ஏதோ படர்ந்ததும்
சாவியை வாங்கிக்கொண்டு கேக் வெட்டினார்கள்.

கேள்வித்தாளோடு வந்தவன் கோல்பி ஸ்ட்ராண்ட்.
சட்டையில் பெயர் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும்,
அந்த நெற்றிச் சுழி.
முன் வரிசை, எனக்கு நேர் பின்னால்.
ஆறு வருஷம் என் பிடரியைப் பார்த்து வந்தவனுக்கு
முகம் எப்படித் தெரியும்?

"கடினமான ஒருவரைக் கையாண்ட அனுபவம் சொல்லுங்கள்."
தாளைப் பார்த்தே படித்தான்.
வெர்ன், முட்டை வேகவில்லை என்று தட்டை எறிந்த கேப்டனைச் சொன்னார்.
பாவ் லீ "என் அப்பா" என்று தொடங்கி
"ஒரு வாடிக்கையாளர்" என்று மாற்றிக்கொண்டான்.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.
ஜனவரி. முழங்கால் வரை பனி.
கடைசி நிறுத்தம்.
இறங்க மாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்ட ஏழு வயசு.
பிரிக்கப் போன என் கையில் பல் பதிந்தது.
வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி.
அது நிற்கிற நாளில் மட்டும் அவன் இப்படி.
இறக்கிவிடு என்றது விதிப்புத்தகம்.
நான் கதவைச் சாத்தி
ஊரை இரண்டு சுற்றுச் சுற்றினேன், பிறகு இன்னொன்று,
அந்த வண்டி கிளம்பிப் போகும் வரை.
எழுத்தில் ஒரு எச்சரிக்கை கிடைத்தது எனக்கு.

அதைச் சொல்லவில்லை.
வாயில் வந்தது
தொலைந்த மதிய உணவு டப்பா, கத்திய ஒரு தாய்,
நான் எழுதிய மன்னிப்புக் கடிதம்.
உப்புச் சப்பில்லாத கதை.
ஐந்துக்கு மூன்று போட்டான்.
கண்ணாடிக்குள்ளேயே இருபத்தோரு வருஷம் பார்த்த கண்,
தலைகீழ் எழுத்து அதற்கு ஒரு பொருட்டா?

பிறகு குப்பியில் சிறுநீர்.
பிறகு பதினோரு நாள்,
குளியலறைக்கும் கைப்பேசியைக் கொண்டுபோன நாட்கள்.
வெர்னுக்கு இல்லை. முதுகு என்றார்களாம்.
பாவ் லீ தள்ளுவண்டிகளுக்கு.
எனக்கு விடியற்காலை நாலு மணி,
நாய்த் தீனி, பூனை மணல், நாற்பது பவுண்டு மூட்டைகள்.
சிவப்பு மேலங்கி.
பெயர்ப்பட்டையில் 'லோர்மா'.
மாற்றித் தர மூன்று வாரம் ஆகுமாம்.

முதல் நாள், இருட்டில்,
சரக்கு வாசலைக் கோல்பி திறந்துவிட்டான்.
கையெழுத்துப் போடச் சொன்னான். முன்னால் நடந்தான்.
இந்த முறை பிடரி அவனுடையது.
காதுக்குக் கீழே சவரத்தில் தப்பிய நாலு முடி.
பெயிண்ட் டப்பாக்கள் தாண்டி மூலை திரும்புகையில்
முகம் திருப்பாமலே கேட்டான்:
"இன்னும் அதே புதினா மிட்டாய்தானா?"

ஆமாம் என்றேனா, நினைவில்லை.
பன்னிரண்டாம் வரிசையில் ஒரு மூட்டை கிழிந்து
தீனி தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது.
துடைப்பம் எங்கே என்று கேட்டேன்.